பின்வரிசைப் பாய்: சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஆசிரியை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2020 ஏப்ரலில் பாட்டி இறந்தார். மலேசியாவில் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலில் இருந்த நேரம். வீட்டு ஆட்கள் சிலர் மட்டும் நின்று அனுப்பிவைத்தோம். வர முடியாதவர்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதினார்கள். இரவு வரை அம்மாவின் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. சொற்கள் மாறினாலும் செய்தி ஒன்றுதான்: "டீச்சரம்மா இல்லைன்னா நான் இன்னைக்கும் பால் மரம்தான் வெட்டிக்கிட்டு இருப்பேன்." பால் மரம் வெட்டுவது என்றால் ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுப்பது.

நான் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியர். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் கோப்புகளைப் பார்ப்பதே என் வேலையில் பாதி. அதனால் அந்தச் செய்திகளைப் படித்தபோது துக்கத்தோடு ஒரு கேள்வியும் வந்தது. சுற்றியிருந்த தோட்டங்களிலும் நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். பாட்டியின் பள்ளியில் மட்டும் பெண்பிள்ளைகள் பாதியில் நிற்காமல் ஆறாம் வகுப்பு வரை வந்தது எப்படி? கேட்டவர்கள் எல்லாரும் "அர்ப்பணிப்பு" என்றார்கள். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அர்ப்பணிப்பு என்று எழுதி முடித்துவிட்டால், அடுத்தவர் எடுத்துச் செய்ய அதில் ஒன்றும் மிஞ்சாது.

இதில் யார் பெயரும் கிடையாது, தோட்டத்தின் பெயரும் கிடையாது. அம்மா சம்மதித்த பிறகே எழுதுகிறேன். நான் பேத்தி என்பதால் என் பார்வை ஒரு பக்கம் சாயும். எந்தப் பக்கம் என்பது போகப்போகத் தெரியும்.

பின்னணி

பாட்டி 1939-இல் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். பேராக் மாநிலத்தின் வடக்கே, ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் இருக்கிற ஊர் அது. 1943-இல் ஜப்பான்காரர்கள் அவருடைய அப்பாவைச் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளப் பாதை. அதில் எந்த இடத்தில் அவர் விழுந்தார் என்று வீட்டுக்குத் தகவல் வரவே இல்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி. கூலிக்காரர்கள் காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் வெட்டுக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை. பாட்டியின் அம்மா வெறும் வயிற்றோடு மரம் வெட்டிவிட்டு மதியம் வந்து படியில் உட்கார்ந்துவிடுவாராம். சின்னப் பிள்ளையான பாட்டிதான் அடுப்பைப் பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பெண் ஏழாம் வகுப்பு தேறியதே பெரிய காரியம். 1958-இல் அதே தோட்டத்துப் பள்ளியில் பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்தார். வார இறுதியில் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போய்ப் பயிற்சி வகுப்பு. 1994-இல் 55 வயதில் ஓய்வு பெறும்வரை வேறு பள்ளிக்குப் போகவில்லை. இரண்டு முறை மாற்றல் வந்ததாம், இரண்டு முறையும் எப்படியோ நின்றுபோனது. எப்படி என்று கேட்டால் சிரித்துக்கொண்டே "கடிதம் எழுதத் தெரியும்" என்பார்.

தோட்டப் பள்ளி என்றால் என்ன என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி வைத்துத் தர வேண்டும். நிர்வாகம் சட்டத்துக்கு வைத்தது. கோயிலை ஒட்டி ஒரே அறை, பாதிச் சுவர், தகரக்கூரை. மழை பெய்தால் பாடம் கேட்காது. சுதந்திரம் கிடைத்த 1957-இல் நாட்டில் இப்படியும் இதைவிட நன்றாகவும் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன.

மூன்று நோட்டுகள்

பாட்டி வராதவர்களுக்கென்று தனி நோட்டு வைத்திருந்தார். பள்ளிப் பதிவேடு வேறு, அது அலுவலகத்துக்கு. இது அவருக்கு. முப்பதுக்கு மேல் இருந்திருக்கும் என்று அம்மா சொல்கிறார். லயத்து வீட்டைக் காலி செய்தபோது கரையான் தின்றது போக மூன்று கிடைத்தன. மூன்றுக்கும் தமிழ் நேசன் தாளில் அட்டை. அந்தத் தாளில் இருந்த தேதிகளை வைத்துத்தான் அவற்றைக் காலவரிசையில் அடுக்கினேன்: 1964, 1972, 1981. மூன்று நோட்டுகளை வைத்து விழுக்காடு போடுவது மோசடி. அதனால் போடவில்லை.

1964 நோட்டில் ஒரு பக்கம் அப்படியே:

செவ்வாய். 4-ஆம் வகுப்பு. கடைசி லயம், மூன்றாவது வீடு. தம்பிக்கு வயிற்றுப்போக்கு. ஆயா எடுக்கவில்லை.
புதன். அதே.
வியாழன். மழை. வந்தாள்.

ஆயா என்பவர், தாய்மார் வேலைக்குப் போகும்போது ஆயாக்கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். முதல் முறை படித்தபோது மூன்றாவது வரியைத் தாண்டிப் போய்விட்டேன். நோட்டை மூடி வைத்த பிறகுதான் உறைத்தது. விடியலில் மழை பிடித்தால் அன்றைக்கு மரம் வெட்டு கிடையாது. பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டைத் தாண்டி வழியும், கோப்பையில் தண்ணீர் சேரும். வெட்டு இல்லையென்றால் அம்மா வீட்டில். அம்மா வீட்டில் என்றால் தம்பியை அவள் பார்த்துக்கொள்வாள், மூத்தவள் பள்ளிக்கு வருவாள். பதிவேட்டில் மட்டும் பார்த்தால் வெயில் நாளில் வராமல் மழை நாளில் வருகிற விசித்திரப் பிள்ளை அவள். மழையை எழுதி வைத்ததால்தான் காரணம் தெரிகிறது.

நோட்டில் "காரணம்" என்று ஒரு கட்டம். மூன்று நோட்டிலும் அந்தக் கட்டத்தில் பிள்ளையின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சோம்பல் இல்லை, பிடிவாதம் இல்லை, பெற்றோரின் அலட்சியமும் இல்லை. தம்பி, தங்கச்சி, ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிய பால்) எடுக்க, சட்டை காயவில்லை, அரிசி எடுக்க ஸ்டோருக்கு. எல்லாம் யாராவது கை வைத்தால் மாறக்கூடியவை. ஒரே ஒரு விதிவிலக்கு, 1972-இல் ஒரு பையனைப் பற்றி: "ஆற்றில் மீன். இவனை என்ன செய்ய."

பெரட்டுக் களம்

பிள்ளை வராவிட்டால் ஆசிரியர் வீட்டுக்குப் போவது வழக்கம். பாட்டி போகமாட்டார். விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டுக் களத்துக்குப் போவார். மண்டோர் என்ற மேற்பார்வையாளர் பெயர் வாசித்து, அன்றைக்கு வெட்ட வேண்டிய மர நிரையைப் பிரித்துக் கொடுக்கிற நேரம். தலையில் விளக்கும் இடுப்பில் சாக்கும் கட்டிக்கொண்டு தாய்மார் வரிசையில் நிற்பார்கள். பாட்டி கால்வாய் ஓரம் தள்ளி நிற்பார், பெயர் வாசித்து முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டார். அம்மாவுக்கு அப்போது ஆறேழு வயது. டார்ச் லைட் பிடிக்கிற வேலை அவருக்கு.

"ஏம்மா, மூத்தவ ரெண்டு நாளா வரலையே?"

"சின்னவனுக்கு வயித்தால போவுது டீச்சர். ஆயாக்கொட்டாயில சேக்க மாட்டேங்குறாங்க."

"அவனையும் தூக்கிக்கிட்டு வரச் சொல்லு. பின்னால பாய் போட்டுடறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அந்தத் தாய் பால் சேர்க்கும் காண்டா வாளியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்துவிடுவார்.

ஏன் அங்கே? சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஆண்கள் கள்ளுக்கடையிலிருந்து திரும்பியிருப்பார்கள். ஆசிரியை வாசலில் நிற்பதே மானப் பிரச்சினையாகும், அதற்கு அடி வாங்குவது பிள்ளை. பெரட்டில் தாய் மட்டும் இருக்கிறாள். மூத்தவளை நிறுத்தி வைக்கும் முடிவு அவளுடையதுதான். பக்கத்தில் நிற்கிற இன்னும் நாற்பது பெண்களுக்கும் அதே சங்கடம், பாட்டி சொன்ன பதில் அவர்கள் காதிலும் விழும். ஒரு வீட்டுக்குச் சொன்னதில் வரிசை முழுக்கச் சேதி போய்விடும். எங்கள் பயிற்சியில் இதற்கெல்லாம் நீளமான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். பாட்டிக்கு அதெல்லாம் தெரியாது. வீடு வீடாக நடக்க நேரம் இல்லை என்றுதான் அவர் காரணம் சொன்னார்.

அந்தப் பாய்தான் இன்றைக்கும் பழைய மாணவர்கள் வாயில் இருக்கிறது. வகுப்பின் பின்வரிசையில் நான்கைந்து குஞ்சு குளுவான்கள் உருளும். அக்காமார்கள் ஒரு கண்ணைக் கரும்பலகையிலும் ஒரு கண்ணைப் பாயிலும் வைத்துப் படித்தார்கள். நாசிர் (பள்ளி ஆய்வாளர்) வருகிறார் என்று கிராணி (தோட்டக் கணக்கர்) ஆபீசிலிருந்து சேதி வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லாம் கோயில் பின்பக்கம் போய்விடும். ஒருமுறை ஒரு குழந்தை மட்டும் மேசைக்கு அடியில் தூங்கிப்போய், நாசிர் பேசிக்கொண்டிருக்கும்போது விழித்து அழுததாம். அவர் குனிந்து பார்த்துவிட்டு, இதுவும் முதல் வகுப்பா என்று கேட்டாராம். வேறொன்றும் எழுதவில்லை.

ஆனால் ஆய்வு என்று எழுதும்போது பாயின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1972 நோட்டில் ஒரே வாரத்தில் பதினோரு பெயர்கள். காரணக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை "அம்மை". நோயாளிக் குழந்தையை ஆயாக்கொட்டகையில் சேர்க்காததற்கு நியாயம் இருந்தது. அதே குழந்தையை வகுப்பறையில் படுக்க வைத்தார் பாட்டி. யாரும் இதைப் புலனத்தில் எழுதவில்லை. அந்தப் பக்கத்துக்குப் பிறகு அந்த நோட்டில் பாய் பற்றிய குறிப்பே குறைந்துபோகிறது, தம்பி தங்கச்சிக் காரணங்கள் மறுபடி கூடுகின்றன. அதாவது பாட்டியின் வழி 1972-இல் முட்டி நின்றுவிட்டது.

1981 நோட்டில் "தம்பி", "தங்கச்சி" கிட்டத்தட்ட இல்லை. பிறப்புப் பத்திரம், பஸ் காசு, அப்பாவின் குடி என்று வேறு காரணங்கள். இடையில் என்ன நடந்தது?

அம்மா

தாத்தா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர், அதாவது மருத்துவ உதவியாளர். 1974-இல் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். ஐந்து பிள்ளைகள். மூத்தவர் என் அம்மா, வயது பதினைந்து, சுங்கை சிப்புட்டில் மூன்றாம் படிவம் (ஒன்பதாம் வகுப்பு மாதிரி). கடைசித் தம்பிக்கு நான்கு வயது. தாத்தா இறந்து இரண்டு மாதத்தில் அம்மா மூன்றாம் படிவ அரசுத் தேர்வான எல்.சி.இ. எழுதினார். தேறினார்.

ரிசல்ட் வந்த அன்று பாட்டி பசாரிலிருந்து வாவல் மீன் வாங்கி வந்து பொரித்தார். அடுத்த வாரம் அம்மாவின் பள்ளிச் சீருடையான நீலப் பினாஃபோர் பிரித்துத் தைக்கப்பட்டது. அம்மா வளர வளர இரண்டு முறை இறக்கிவிட்டிருந்த விளிம்பு அது. அதை மறுபடி ஏற்றித் தைத்துச் சித்திக்குக் கொடுத்தார்கள். அந்தப் பினாஃபோர் இன்னும் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. சாயம் வெளுத்த துணியில் மூன்று மடிப்புக்கோடுகள் மட்டும் அடர்நீலமாக நிற்கின்றன. நான்காம் படிவத்துக்கு அம்மா போகவில்லை.

அதற்குக் காரணம் பணமல்ல. பாட்டிக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அரசாங்க வேலையில் பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமான சம்பளம் என்பது 1960-களின் கடைசியிலேயே ஏற்கப்பட்டுவிட்டது. சம்பளம் இருந்தது, ஆள் இல்லை. விடியலில் பெரட்டு, பகலில் பள்ளி, மாலையில் இலவச வகுப்பு, இரவில் லயத்து ஆட்களுக்குக் குடியுரிமை விண்ணப்பப் பாரமும் பிறப்புப் பத்திர மனுவும் எழுதுவது. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலைப் பெர்மிட் இல்லாமல் தோட்டத்தில் நிற்க முடியாது என்றானபோது எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறின. எங்கள் தோட்டத்தில் பலர் தப்பியது பாட்டி எழுதிக் கொடுத்த பாரங்களால் என்று இன்றும் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். அந்த நேரத்தில் வீட்டில் நான்கு பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறு போட்டது யார் என்பதும் உண்மைதான். நோட்டில் நூறு வீடுகளுக்கு எழுதிய அதே காரணம் அவர் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அந்த ஆண்டு நோட்டு கரையானுக்குப் போய்விட்டது. இருந்திருந்தாலும் அதில் அம்மாவின் பெயர் இருந்திருக்காது. இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் அவர் கணக்கில் வரமாட்டார்கள்.

2012-இல் ஒருநாள் நான் பாட்டியிடம் நேராகவே கேட்டேன். "அப்ப வேற வழி தெரியல" என்றார். வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "மத்தவங்க வீடுன்னா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

1976-இல், பதினேழு வயதில், அம்மா ஆயாக்கொட்டகையில் உதவி ஆயாவாகச் சேர்ந்தார். 1981 நோட்டுக்கான விளக்கம் இங்கேதான் இருக்கிறது. அதுவரை இருந்த ஆயாவுக்குக் காய்ச்சல் பிள்ளையைக் கண்டாலே பயம், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அம்மா டிரசர் மகள். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் என்ன செய்வது, எப்போது ஆஸ்பத்திரி லாரியைக் கூப்பிடுவது என்று தாத்தாவைப் பார்த்தே தெரிந்துகொண்டவர். கொட்டகைக்குப் பின்னால் இருந்த விறகுச் சாய்ப்பைக் கழுவிவிட்டு, நோயாளிக் குழந்தைகளை அங்கே தனியாகப் போட்டார். காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்பும் சீனியும் கலந்து கரண்டி கரண்டியாகப் புகட்டினார். ரப்பர்ப் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டுத் தாய் வரும்வரை வைத்துக்கொண்டார். மூத்தவள் பள்ளியில் இருந்தாள்.

வேறு காரணங்களும் இருக்கலாமே என்று கேட்டால், இருக்கின்றன. 1975 முதல் பாடநூல் இரவல் திட்டம் வந்தது. லயங்களில் பிள்ளைப்பேறு குறைந்துவந்தது. ஆனால் பாடநூல் இரவல் கிடைப்பதால் தம்பியின் வயிற்றுப்போக்கு நிற்காது. பிறப்பு குறைந்தது மெதுவாக, நோட்டில் தெரியும் மாற்றம் அப்படி இல்லை. ரப்பரிலிருந்து செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறியதால் பெண்களின் விடியல் வேலை போனது என்று சொல்லலாம், ஆனால் எங்கள் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தது 1985-க்குப் பிறகு. இரண்டு நோட்டுகளுக்கு இடையில் ஏழெட்டு ஆண்டு இருட்டு இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. என் முடிவு இதுதான்: கண்டுபிடித்தவர் பாட்டி, தீர்த்தவர் அம்மா. தோட்டம் ஒருவரை மட்டுமே நினைவு வைத்துக்கொண்டது.

இதைச் சொல்வதால் பாட்டி சிறுத்துப்போக மாட்டார். தமிழ்நாட்டில் 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் பிறகு இங்கே பாடநூலுக்கும் வந்தபோது, தும்பிக்கை வைத்த 'னை', 'லை' எழுதியே இருபது வருடம் பழகிய கையைச் சிலேட்டில் திருத்திக்கொண்டவர் அவர். ஒரு விடுமுறை முழுக்க, பிள்ளைகளுக்கு முன்னால் தடுமாறக் கூடாது என்று. மலாய் தெரியாமல் போனால், தமிழ்ப்பள்ளி முடித்தவர்கள் இடைநிலைப்பள்ளியில் முதலில் படிக்கும் புகுமுக வகுப்பிலேயே பிள்ளைகள் கழன்றுவிடுகிறார்கள் என்று கண்டு, நாற்பது வயதில் மலாய்த் தேர்வு எழுதினார். சித்தி ஆசிரியை, ஒரு மாமா மின்சார டெக்னிஷியன், இன்னொருவர் சிங்கப்பூரில், கடைசி மாமா லாரி வைத்திருக்கிறார். எல்லாரும் இன்றும் எதையும் அம்மாவிடம் கேட்டுத்தான் செய்வார்கள். அந்த இடம் பாட்டிக்குப் பிறகு அம்மாவுக்கு வந்தது என்று சொந்தங்கள் சொல்கிறார்கள். எனக்கென்னவோ 1974-லேயே வந்துவிட்டதாகத்தான் படுகிறது.

இப்போது

லயம் இல்லை. தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புப் பகுதி, மீதி செம்பனை. பிள்ளைகள் குறைந்து பள்ளி மூடப்படும் நிலைக்கு வந்தபோது அதன் உரிமத்தைப் பட்டணப் பக்கம் மாற்றினார்கள். இப்போது மாடிக் கட்டடம். நாட்டில் இன்று ஏறத்தாழ 530 தமிழ்ப்பள்ளிகள், அவற்றில் ஒன்று இது. நூலக மூலையில் பாட்டியின் படம் மாட்டியிருக்கிறார்கள், சந்தனப் பொட்டு வைத்து.

போன ஆண்டு என் பள்ளியில் மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி அடிக்கடி வராமல் இருந்தாள். முதல் எச்சரிக்கைக் கடிதம் போய், இரண்டாவதும் போயிருந்தது. வராத நாள்கள் கோப்பில் வரிசையாக இருந்தன. நான் அவள் வந்த நாள்களை எடுத்து எழுதிப் பார்த்தேன். நான்கு நாள் வருகை, நான்கு நாள் இல்லை என்று ஓர் ஒழுங்கு தெரிந்தது. அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், வீட்டில் வாதம் வந்து படுத்திருக்கும் பாட்டி. யாரைப் பிடித்து அந்தப் பாட்டியைப் பகலில் பார்க்க ஏற்பாடு செய்தோம் என்பது தனிக் கதை. அவள் இப்போது நான்காம் படிவத்தில் இருக்கிறாள்.

இதை எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அறுபத்தைந்து தாண்டியவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். தாத்தாவின் பகுதியில் ஒன்றும் சொல்லவில்லை, பினாஃபோர் பகுதியிலும் சொல்லவில்லை. பாய் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"பாய் ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு நம்ம வீட்டு மெங்குவாங் ஓலைப் பாய். இன்னொண்ணு அரிசிச் சாக்கைப் பிரிச்சு நானும் உன் சித்தியும் தச்சது. அதையும் எழுதிக்க."